நெற்றியில் ஒட்டும் ஸ்டிக்கர் மயக்கத்தின் ஆழத்தைச் சொல்லுமா?

அடுத்த மாதம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன், முழு மயக்கம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷன் நடுவில் விழிப்பு வந்து, கத்தவும் முடியாமல் அசையவும் முடியாமல் கிடந்த ஒருவரின் கதையைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டி, மூளை அலையை வைத்து மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் கருவி இருக்கிறதாமே, அதைக் கேட்டு வாங்கணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மயக்கம் கொடுப்பதுதான் பதினெட்டு வருடமாக என் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருவி உண்டு. நானும் வைத்துக்கொள்கிறேன். ஆனால் காய்ச்சலைத் தெர்மாமீட்டர் அளப்பது மாதிரி அது மயக்கத்தை அளக்கிறது என்று நினைத்துவிட்டால் தப்பாகிவிடும். மருந்து போனதும் மூளையின் மின்னலைகள் மாறுகின்றன. அந்த மாற்றத்தைப் பார்த்து, இவ்வளவு மாறியிருந்தால் ஆள் அனேகமாக இப்படி இருப்பார் என்று ஒரு எண்ணைக் கணித்துச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த "அனேகமாக" என்ற வார்த்தையில்தான் என் தொழிலின் பாதித் தலைவலி இருக்கிறது.

இந்தக் கேள்வியே எப்படி வந்தது என்று பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். ஈதர் என்ற ஆவியை மூச்சில் இழுக்கவைத்து மயக்கிய காலத்தில் மயக்கத்தின் ஆழத்தை உடம்பே சொல்லிவிடும். ஆர்தர் கெடல் என்ற அமெரிக்க மருத்துவர், மூச்சு எப்படி இருக்கிறது, கண்மணி எந்த அளவில் இருக்கிறது, கண் உருளுகிறதா நிற்கிறதா என்பதையெல்லாம் வைத்து நான்கு நிலைகள் வகுத்தார்; முதல் உலகப் போரில் பயிற்சி இல்லாதவர்களை வைத்து ஈதர் கொடுக்கவேண்டி வந்தபோது அந்த அட்டவணைதான் கைகொடுத்தது. மயக்கம் குறைந்தால் நோயாளி கையை இழுப்பார், முனகுவார், யாருக்கும் சந்தேகம் வராது. 1942இல் மாண்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித்தும் எனிட் ஜான்சனும் க்யூரேரை மயக்கத்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். தென் அமெரிக்கக் காடுகளில் அம்பு நுனியில் தடவிய விஷம் அது, தசைகளைத் தளர்த்திவிடும். அறுவை நிபுணர்களுக்குக் கொண்டாட்டம், வயிறு துணி மாதிரி தளர்ந்து கிடக்கும், மயக்க மருந்தும் முன்புபோல் அத்தனை கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் அன்றிலிருந்து உடம்பு பேசுவதை நிறுத்திவிட்டது. மூச்சு வென்டிலேட்டருடையது, கை அசையாது, முனகல் கிடையாது. எங்களுக்கு மிச்சமிருந்தவை நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, கண்ணீர், இந்த நான்குதான். பிரஷருக்குச் சில வகை மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கு நாடி அவ்வளவாக ஏறாது, அதுவும் போச்சு.

அப்படியானால் எத்தனை பேருக்கு இது நடக்கிறது? பதில், எப்படிக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில் 11,785 பேரை ஆபரேஷனுக்குப் பிறகு ஒருமுறை அல்ல, மூன்று முறை தேடிப் பிடித்து "தூங்கும் முன் கடைசியாக என்ன ஞாபகம், எழுந்ததும் முதலில் என்ன ஞாபகம், நடுவில் ஏதாவது உண்டா" என்று கேட்டார்கள். ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பேர் தேறினார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2014இல் வந்த நாப் 5 என்ற பெரிய கணக்கெடுப்பு, யாராவது தானாக வந்து புகார் சொன்னால் மட்டும் எண்ணியது. அதில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர். தசை தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களில் 8,000க்கு ஒருவர், கொடுக்காதவர்களில் 1,36,000க்கு ஒருவர். இந்தக் கடைசி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 1942ஆம் ஆண்டுக் கதை முழுக்க அதில் இருக்கிறது. முழு மயக்கத்தில் செய்த சிசேரியனில் மட்டும் சுமார் 670க்கு ஒன்று, ஏனென்றால் அங்கே அவசரம், குழந்தைக்காக மருந்தில் கை இழுத்துப்பிடிக்கும் பழக்கம். இன்னொன்றும் அந்தக் கணக்கெடுப்பில் தெரிந்தது, இதை நான் எல்லோரிடமும் சொல்வேன்: மூன்றில் இரண்டு பங்கு சம்பவங்கள் மயக்கம் ஏறும்போதும் தெளியும்போதும் நடந்தவை, பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. படங்களில் காட்டுகிற மாதிரி கத்தி வைத்ததிலிருந்து தையல் வரை முழித்துக் கிடப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஐந்து நிமிடம்தானே என்று நான் இதைச் சின்ன விஷயமாக்கவில்லை. வலியைவிட, அசைய முடியவில்லையே என்ற திகில்தான் பலரை வருடக்கணக்காகத் துரத்துகிறது.

முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனில் பேச்சுச் சத்தம் கேட்டது, தட்டுகிற சத்தம் கேட்டது என்று சிலர் இதே பயத்தோடு வருவார்கள். அது விழிப்பு விபத்து இல்லை. அங்கே மரத்துப்போவது உடம்பின் கீழ்ப்பகுதிதான், ஆள் விழித்திருப்பது இயல்பு. அதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டது எங்கள் ஆட்களின் தவறு.

சரி, மூளை அலைக்கு வருவோம். மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். 1924இல் பதிவு செய்து, ஐந்து வருடம் தயங்கி 1929இல்தான் வெளியிட்டார். 1937இலேயே கிப்ஸ் தம்பதியும் லெனாக்ஸும் மயக்க மருந்து கொடுத்தால் இந்த அலைகள் மாறுவதைப் பார்த்துவிட்டு, மயக்கத்தைக் கண்காணிக்க இது உதவும் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அன்றைய கருவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் இழுத்து வர முடியாது, வந்த காகிதச் சுருளைப் படிக்கவும் ஆள் கிடையாது.

அலை எப்படி மாறுகிறது என்பதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் உதாரணம் கல்யாண மண்டபம். நீங்கள் வெளியே சுவரில் காதை வைத்து நிற்கிறீர்கள். உள்ளே எல்லோரும் ஆளுக்கொரு கதை பேசிக்கொண்டிருந்தால் உங்களுக்குக் கேட்பது வேகமான, சன்னமான ஒரு இரைச்சல். அதுதான் விழித்திருக்கும் மூளை: அலைகள் வேகம், உயரம் குறைவு. இப்போது உள்ளே இருக்கிற ஐந்நூறு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரே தாளத்தில் கை தட்ட ஆரம்பித்தால் சுவருக்கு வெளியே பெரிய, மெதுவான சத்தம் வரும். ரத்தக்குழாயில் ஏற்றும் ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்து செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். நொடிக்கு ஒன்றுக்கும் குறைவாக மெதுவாக ஏறி இறங்கும் ஒரு பேரலை வரும், அதன் மேல் நொடிக்கு 8லிருந்து 12 தடவை ஆடும் ஆல்ஃபா அலை சவாரி செய்யும். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது தலையின் பின்பக்கம் தெரியும் ஆல்ஃபா, இந்த மயக்கத்தில் நெற்றிப்பக்கம் வந்துவிடுகிறது என்பது எங்கள் அதிர்ஷ்டம். நெற்றியில் முடி இல்லை, ஸ்டிக்கர் ஒட்டச் சுலபம். சத்தம் பெரிதாக இருந்தாலும் உள்ளே உரையாடல் நின்றுபோய்விட்டது, அதாவது மூளையின் ஒரு பகுதி இன்னொன்றோடு சேதி பேச முடியவில்லை. நினைவு தப்புவது அதனால்தான் என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். இன்னும் மருந்து ஏற்றினால் மண்டபமே அமைதியாகும். சில நொடி தட்டையான கோடு, பிறகு ஒரு வெடிப்பு, மறுபடி தட்டை. இது தேவைக்கு மேல் ஆழம்.

இந்த அலைகளை எண்ணாக்கிக் கடைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் ஆஸ்பெக்ட் மெடிக்கல் நிறுவனம். 'பிஸ்' என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் அவர்கள் கருவிக்கு 1996இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. 100 என்றால் விழிப்பு, 0 என்றால் தட்டைக் கோடு, ஆபரேஷனுக்கு 40இலிருந்து 60. அதற்கு அண்ணன் தம்பி மாதிரி என்ட்ரோபி, நார்கோட்ரெண்ட், செட்லைன் என்று வேறு கருவிகளும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி அளவுகோல். செட்லைனில் 25இலிருந்து 50 சரியான இடம் என்பதால், ஒரு மருத்துவமனையில் பழகிவிட்டு இன்னொன்றுக்குப் போய் வேலை செய்யும்போது கொஞ்சம் முழித்துக்கொண்டுதான் படிக்கணும். உள்ளே நடக்கும் கணக்கு பல காலம் கம்பெனி ரகசியம். வேக அலைகளின் பங்கு, அலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஆடும் அளவு, தட்டைக் கோட்டின் விகிதம் எல்லாவற்றையும் கலந்து, நிறைய பேரிடம் எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்டு ஒரு எண்ணைத் தருவார்கள். திரையில் தெரியும் எண் இந்த நொடியுடையது அல்ல, கடந்த அரை நிமிடத்துப் பதிவைச் சராசரி பண்ணியது என்பதைப் புதிதாக வருகிற டாக்டர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இது விழிப்பைத் தடுக்கிறதா? 2004இல் வந்த பி-அவேர் ஆய்வில், அதிக ஆபத்துள்ள 2,463 பேரில், பிஸ் வைத்தவர்களில் 2 பேருக்கும் வைக்காதவர்களில் 11 பேருக்கும் விழிப்பு. கம்பெனிக்காரர்களுக்குத் திருவிழா. 2008இல் பி-அன்அவேர் வந்தது, இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது: பிஸ் வைக்காத எதிர் அணியை அவர்கள் சும்மா விடவில்லை. நோயாளி வெளிவிடும் மூச்சில் மயக்க வாயு எவ்வளவு இருக்கிறது என்பதை வென்டிலேட்டர் பக்கத்து மானிட்டரே காட்டும், அது ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் மணி அடிக்கச் செய்தார்கள். முடிவு, இரண்டு பக்கமும் தலா 2 பேர். 2011இல் சுமார் 6,000 பேரை வைத்து மறுபடி செய்தார்கள். பிஸ் பக்கம் 7, வாயு மணி பக்கம் 2. அதாவது வாயு மயக்கம் என்றால், மூச்சில் வாயு எவ்வளவு என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருப்பதே போதும், நெற்றி ஸ்டிக்கர் அதற்கு மேல் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பி-அவேரில் ஜெயித்ததில் பாதி, யாராவது ஒருவர் ஒரு எண்ணைக் கவனித்துக்கொண்டே இருந்தார் என்பதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வாயு இல்லாமல், ரத்தக்குழாய் வழியாகவே ப்ரோபோஃபாலை பம்பில் ஏற்றி முழு மயக்கமும் கொடுக்கும் முறை இருக்கிறதே, அங்கே கதை வேறு. மூச்சில் அளக்க ஒன்றும் கிடையாது. வயது, எடை எல்லாம் போட்டுக் கொடுத்தால் பம்ப் "மூளையில் இப்போது இவ்வளவு மருந்து இருக்கும்" என்று காட்டும், அது கணக்குதான், யாரும் போய்ப் பார்த்ததில்லை. தசை தளர்த்தும் மருந்தோடு இந்த முறையைச் சேர்த்தால் மூளை அலையைப் பாருங்கள் என்று நாப் 5 பரிந்துரைத்தது.

ஏன் என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு தைராய்டு கேஸ். சில வருடம் முன்பு, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி, இரண்டு கையும் உடம்போடு ஒட்டிப் பச்சைத் துணிக்குள் கட்டியாயிற்று. பம்ப் பாட்டுக்கு ஓடுகிறது, டியூப் அடைத்தால் அடிக்கும் அழுத்த மணி அடிக்கவில்லை. பிஸ் எண் 44இல் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் 52. ரத்தக் கசிவைச் சுட்டு நிறுத்தும் மின்கருவி, காட்டரி ஓடுகிறதே, அதன் இரைச்சலாக இருக்கும் என்று விட்டேன். 61 ஆனது. நாடி 72, பிரஷர் அப்படியே, வியர்வை இல்லை. 68 வந்தபோது திரையில் எண்ணுக்குக் கீழே ஓடும் அலையைப் பார்த்தேன், பேரலை காணோம், புல் மாதிரி சன்னமாக நிமிர்ந்து நிற்கிறது. துணிக்குள் கையை விட்டால் விரல் ஈரம், வெள்ளையாகப் பால் மாதிரி. ரத்தக்குழாயில் செருகிய கேனுலாவும் பம்பின் டியூபும் சேரும் இடம் கழன்று ப்ரோபோஃபால் முழுக்கப் படுக்கை விரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. உடனே வாயுவைத் திறந்தேன், இன்னொரு கையில் ஊசி போட்டேன், ஒரு நிமிடத்துக்குள் எண் இறங்கிவிட்டது. மறுநாள் காலை வார்டில் போய்க் கேட்டேன், அந்த அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. என்ன இப்படித் துருவுகிறீர்கள் என்று சந்தேகமாகப் பார்த்தார், நடந்ததைச் சொன்னேன். பம்ப் பொய் சொல்லவில்லை, அது மருந்தைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. எங்கே தள்ளுகிறது என்று அதற்குத் தெரியாது.

இவ்வளவு சொன்ன நானே இந்த எண்ணை எங்கெல்லாம் நம்பமாட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். கீட்டமைன் கொடுத்தால் வேக அலைகள் கூடி எண் மேலே போகும், ஆள் என்னவோ இன்னும் ஆழத்துக்குப் போயிருப்பார். நைட்ரஸ் ஆக்சைடுக்கு எண் பெரிதாக அசைவதேயில்லை. டெக்ஸ்மெடெட்டோமிடின் கொடுத்தவர் எண் இறங்கிக் கிடக்கும், தோளைத் தட்டினால் கண்ணைத் திறந்து பதில் சொல்வார், ஏனென்றால் அந்த மருந்து இயற்கைத் தூக்கத்தின் அலைகளை ஒத்த அலைகளைத் தருகிறது. நெற்றித் தசையின் மின்சாரமும் மூளை வேக அலையும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளும், அதனால் தசை இறுகினாலே எண் ஏறும். இது இருபக்கமும் வெட்டும் கத்தி. 2015இல் ஆஸ்திரேலியாவில் 10 தன்னார்வலர்கள், மயக்க மருந்தே இல்லாமல், முழு விழிப்பில், தசை தளர்த்தும் மருந்தை மட்டும் ஏற்றிக்கொண்டார்கள். என்ன துணிச்சல் பாருங்கள்! பிஸ் எண் எல்லோருக்கும் இறங்கியது, சிலருக்கு 40களின் நடுவரை. ஆபரேஷனுக்குச் சரி என்று கருவி சொல்லும் எண். ஆள் முழுசாக விழித்திருக்கிறார். அதனால்தான் எண் ஏறியதும் தசை தளர்த்தும் மருந்தைக் கொடுத்து, எண் இறங்கியதும் நிம்மதியாகிற டாக்டரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் ஒரு சங்கடமான ஆய்வு. முன்கையில் பிரஷர் பட்டையைக் கட்டி இறுக்கிவிட்டு அதன் பிறகு தசை தளர்த்தும் மருந்தைக் கொடுத்தால் அந்தக் கைக்கு மட்டும் மருந்து போகாது, அசைக்க முடியும். 2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் இப்படி 260 பேரிடம், மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகு, "கேட்கிறதா, கேட்டால் என் கையை அழுத்துங்கள்" என்று சொன்னபோது 12 பேர் அழுத்தினார்கள். பிறகு ஒருவருக்கும் அது நினைவில்லை. அந்த நொடியில் அவர்கள் விழித்திருந்தார்களா, நினைவில்லை என்றால் அது விழிப்பா? எந்தக் கருவியும் இதற்கு எண் தராது. எங்களுக்குள்ளேயே அடிதடி நடக்கும் கேள்வி இது.

ஆகவே நான் எண்ணைவிட அலையைத்தான் பார்க்கிறேன். பாஸ்டனில் மயக்கத்தையும் மூளை அலையையும் ஆராய்ந்த எமரி பிரவுன், பேட்ரிக் பர்டன் குழு பல வருடமாக அடித்துச் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான்: ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கையெழுத்து உண்டு, அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று. புதுக் கருவிகளில் அலையை வண்ணப் படமாகவும் காட்டுகிறார்கள், ப்ரோபோஃபால் என்றால் 10 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 தடவை என்ற இடத்தின் பக்கம் சேலை பார்டர் மாதிரி ஒரு பட்டை, அடியில் அகலமாக இன்னொன்று. வயதானவர்களுக்கு அந்த மேல் பார்டர் மெலிந்திருக்கும். அவர்களுக்கு எண் 55 காட்டி நம்மை இன்னும் மருந்து கொடுக்கத் தூண்டும், அலையைப் பார்த்தால் ஏற்கனவே போதுமானது என்று தெரியும். கைக்குழந்தைகளின் மூளை அலையே வேறு, ஒரு வயதுக்குள் இந்த எண்ணை வைத்து நான் முடிவெடுப்பதில்லை.

வயதானவர்கள் என்றதும் உங்கள் அம்மா விஷயத்தில் இன்னொன்று சொல்லணும், விழிப்பைவிட எனக்கு அதுதான் கவலை: தேவைக்கு மேல் ஆழம். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புவது, ராத்திரியில் டியூபைப் பிடுங்குவது பெரியவர்களிடம் சகஜம். தட்டைக் கோடு அதிகம் வந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதல் என்று தெரிந்ததும், அலையைப் பார்த்து மருந்தைக் குறைத்தால் தடுக்கலாமே என்று எல்லோரும் கிளம்பினார்கள். 2013இல் ஹாங்காங்கில் 921 பேரில் குழப்பம் 24 சதவீதத்திலிருந்து 16 ஆனது. 2019இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1,232 பேரில் ஒரு பலனும் இல்லை, 2024இல் கனடாவிலும் இல்லை. 6,644 பேரை வைத்து எண்ணை 50இல் வைத்தவர்களையும் 35இல் வைத்தவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வில் ஒரு வருடத்து இறப்பில் வித்தியாசமில்லை, ஆனால் அதன் ஒரு பகுதி நோயாளிகளில் மேலோட்டமான மயக்கம், அதாவது 50 பக்கம், குழப்பம் குறைவு. என் அபிப்பிராயம், தட்டைக் கோடு ஒருவேளை நோஞ்சான் மூளையின் அறிகுறியாக இருக்கலாம், காரணமாக இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் காசில்லாமல் குறைக்கக்கூடிய மருந்தை ஏன் கூடுதலாகக் கொடுக்கணும் என்று குறைத்துக்கொள்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை என்றால் பெரும்பாலும் வாயு மயக்கம்தான் கொடுப்பார்கள். அப்படியானால் பிஸ் இல்லையென்று ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், மருத்துவமனையையும் மாற்றவேண்டாம். முந்தின நாள் பார்க்க வரும் மயக்க டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வாயுவா, ஊசி வழி மயக்கமா? ஊசி வழி என்றால் மூளை அலை பார்ப்பீர்களா? கேட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார், கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல். அதைவிட முக்கியம் நீங்கள் சொல்லவேண்டியவை. முன்பு எந்த ஆபரேஷனிலாவது அம்மாவுக்கு நடுவில் ஏதாவது கேட்டதா, தூக்க மாத்திரையோ வலிக்கான பலமான மருந்தோ தினமும் எடுக்கிறாரா, பிரஷருக்கு என்ன மாத்திரை, எல்லாவற்றையும் பட்டியலாக எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆபரேஷன் முடிந்த பிறகு அம்மா "பேசினது கேட்டுச்சுடா" என்று எதையாவது சொன்னால் "மருந்துக் கனவும்மா" என்று மடக்கிவிடாதீர்கள். கேட்டு, எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டிக்கர் ஒட்டுவதாக இருந்தால் நெற்றியில் எண்ணெய்ப் பசையோ விபூதியோ இருந்தால் பிடிக்காது, கருவி ஒவ்வொரு புள்ளியாகச் சோதித்து ஒட்டவில்லை என்று மறுத்துவிடும், அதனால் ஸ்பிரிட் பஞ்சு வைத்துத் துடைத்துவிடுவோம். ஆபரேஷன் அன்று காலை சாமி கும்பிட்டுப் பட்டையாக இட்டுக்கொண்டு வரும் பாட்டிகளுக்கு அங்கே முகம் சுருங்கிவிடும். அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள், கழுத்தில் கொஞ்சம் பூசிக்கொள்ளட்டும், அதற்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.